சுவருக்கு ஏற்ற மீடியா: அச்சிடும் பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சுவர் முழுக்க ஒரு படம் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் படத்தில்தான் நேரம் செலவிடுகிறார்கள். கடலா, காடா, கோபுரமா, குழந்தைக்குப் பிடித்த யானைக் கூட்டமா என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. எதில் அச்சிடுவது என்ற கேள்வி மட்டும் பிரிண்டிங் கடையின் மேசை முன்னால் நின்றபடியே முடிந்துபோகிறது. "வினைல் போட்டுடலாம் சார், எல்லாரும் அதுதான் போடுறாங்க" என்கிறார் கடைக்காரர். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

ஒரு மழைக்காலம் போனதும் ஓரம் சுருளலாம், நடுவில் கொப்புளம் கட்டலாம், பின்புறம் பூசணம் பிடிக்கலாம். இவற்றுக்கெல்லாம் காரணம் அந்த மேசை முன்னால் அவசரமாக எடுத்த முடிவுதான். செலவு செய்த பணம் போவதோடு, சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்துத் திரும்பப் பெயின்ட் அடிக்கும் செலவும் வந்து சேரும்.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: சுவரைப் பார்த்து மீடியாவை முடிவு செய்யுங்கள். சுவர் உலர்ந்திருக்கிறதா, உறுதியாக இருக்கிறதா, வெளிச்சுவரா உள்சுவரா, மேலே என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்ற நான்கும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்ஜெட்டும் படமும் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கறுப்புத் துணி, ஒரு பாலிதீன் தாள், அகல டேப், நீங்கள் ஒட்ட நினைக்கும் மீடியாவில் ஒரு துண்டு. இவை போதும்.

1. கறுப்புத் துணிச் சோதனை: உலர்ந்த கறுப்புத் துணியால் சுவரை ஓரடி நீளத்துக்கு அழுத்தித் தேயுங்கள். துணியில் வெள்ளைப் பொடி அப்பினால் அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவர். இல்லையென்றால் பட்டி பார்த்துவிட்டுப் பிரைமர் அடிக்காமல் விட்ட சுவர். அதன்மேல் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. பசை அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும். பொடி உதிரும்போது படமும் கூடவே வந்துவிடும். பொடியைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, மேலே எமல்ஷன் அடித்த பிறகுதான் அந்தச் சுவர் படத்துக்குத் தயார்.

2. பாலிதீன் சோதனை: ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு தெளிவான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளி கோத்திருந்தாலோ சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ சுவருக்குள் ஈரம் இருக்கிறது. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று, நடுச்சுவரில் ஒன்று, பின்புறம் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ இருந்தால் அங்கே ஒன்று. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் ஓதம் ஏறிய சுவர்கூடக் காய்ந்ததுபோலத்தான் தெரியும்.

3. உப்பைத் தேடுங்கள்: சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பியிருக்கிறதா? சுவருக்குள் ஏறும் ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, ஈரம் ஆவியாகும்போது மேற்பரப்பில் படிகமாகிப் பெயின்ட்டை வெளியே தள்ளுகிறது. பெயின்ட்டைத் தள்ளும் உப்பு ஸ்டிக்கரையும் தள்ளும். கடலோர ஊர்களில் இது சாதாரணம். இப்படிப்பட்ட சுவருக்கு முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். கசிவை அடைக்காமல் அதன்மேல் படம் ஒட்டி மறைப்பது நோயை முற்ற விடுவதாகும்.

4. ஒட்டிப் பார்க்கும் சோதனை: ஆறு அங்குலச் சதுரத்தில் மீடியாத் துண்டு ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். சுவரைத் துடைத்து, துண்டை ஒட்டி, துணியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பசை முழுப் பிடிமானம் பெற ஒரு நாளாவது ஆகும். ஆகவே குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள், ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. பிறகு ஒரு மூலையைக் கிளப்பி, சுவரை ஒட்டினாற்போலவே தாழ்வாக, மெல்ல இழுங்கள். தொட்டவுடன் வந்துவிட்டால் இந்தப் பெயின்ட்டில் இந்தப் பசை பிடிக்கவில்லை. பசையின் பின்னால் பெயின்ட்டும் பட்டியும் தகடாகப் பெயர்ந்து வந்தால் சுவரே பலவீனம். விரலுக்கு ஓர் இழுவை தெரிய, பின்புறம் சுத்தமாக உரிந்து வந்தால் இரண்டும் பொருந்துகின்றன.

இந்தக் கடைசிச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். இப்போது பல வீடுகளில் கறை ஒட்டாத, துடைத்துக் கழுவக்கூடிய எமல்ஷன் அடிக்கிறார்கள். கறை ஒட்டக் கூடாது என்று சேர்க்கும் அதே பொருள் ஸ்டிக்கர் பசையையும் ஒட்டவிடாது. பார்ப்பதற்கு வழவழவென்று அருமையான சுவராக இருக்கும். படம் மட்டும் ஒரு வாரத்தில் மேல் ஓரத்திலிருந்து கழன்று தொங்கும். இத்தகைய சுவருக்கென்றே அதிகப் பிடிமானமுள்ள பசையோடு வினைல் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரானால் மூன்று, நான்கு வாரமாவது பொறுத்திருங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. பெயின்ட்டிலிருந்து வெளியேறும் ஆவி ஸ்டிக்கருக்கு அடியில் சிக்கிக் கொப்புளமாக எழும்பும். புது வீடு என்றால் என் ஆலோசனை ஒன்றே: பூச்சு வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கடக்கட்டும். எந்தச் சுவரில் கசிவு, எங்கே விரிசல் என்பதை அந்த ஒரு மழையே காட்டிக்கொடுத்துவிடும்.

கடையில் கிடைக்கும் மீடியா வகைகள்

வினைல் ஸ்டிக்கர்: பிவிசி பிளாஸ்டிக் படலம், பின்னால் பசை. இதில் மூன்று தரம் உண்டு என்பது வாங்குபவர் பலருக்குத் தெரியாது. முதலாவது மோனோமெரிக், 80 முதல் 100 மைக்ரான் தடிமன், விலை குறைவு. இரண்டாவது பாலிமெரிக்; 70, 80 மைக்ரான். மூன்றாவது காஸ்ட், ஏறத்தாழ 50 மைக்ரான். தடிமன் குறையக் குறைய விலை ஏறுவது வியப்பாக இருக்கலாம். முதல் இரண்டையும் சூடான உருளைகளுக்கு இடையில் நசுக்கி இழுத்துச் செய்கிறார்கள். இழுபட்ட பிளாஸ்டிக் வெப்பம் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மோனோமெரிக்கில் இந்தச் சுருக்கம் அதிகம். ஓரம் சுருள்வதும் இணைப்பு வாய் திறப்பதும் அதனால்தான். காஸ்ட் வினைலைத் திரவமாக ஊற்றி உலர்த்தி எடுப்பதால் இழுவிசையே இல்லை. வாகனங்களின் வளைவுகளுக்கு அதுதான் வேண்டும். சமமான சுவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. சில மாதக் கண்காட்சிக்கும் தள்ளுபடி விற்பனை விளம்பரத்துக்கும் மோனோமெரிக் போதும். வருடக்கணக்கில் நிற்க வேண்டிய படத்துக்குப் பாலிமெரிக்குக்குக் குறைந்து எதையும் ஏற்காதீர்கள்.

நான்-ஓவன் வால்பேப்பர்: மரக்கூழ் நாரையும் பாலியெஸ்டர் நாரையும் கலந்து, நெய்யாமல் அமுக்கிச் செய்த தாள். பசையைச் சுவரில் தடவி, தாளை உலர்ந்தபடியே மேலே பதிக்கலாம். பழைய காகித வால்பேப்பரில் பசை தடவியதும் தாள் ஊறி நீளும். காயும்போது சுருங்கி இணைப்பில் இடைவெளி விழும். நான்-ஓவனில் அந்தத் தொல்லை இல்லை. சின்னச் சின்ன மயிரிழை விரிசல்களையும் மறைக்கும். பின்னாளில் எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் அகலமாக உரிந்து வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவருக்குள் இருக்கும் ஆவி இதன் வழியே வெளியேற முடியும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது பெரிய குணம்.

டெக்ஸ்சர் வால்பேப்பர்: தோல், மணல், கேன்வாஸ் போன்ற புடைப்புகளோடு 'கஸ்டமைஸ்டு வால்பேப்பர்' என்று சதுர அடிக் கணக்கில் விற்பது பெரும்பாலும் இதுதான். காகிதத்தின் மேலோ நான்-ஓவன் மேலோ பிவிசி பூசியிருப்பார்கள். ஈரத்துணியால் துடைக்கலாம், கீறல் தாங்கும், மேடுபள்ளம் மறையும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பூச்சு ஆவியை அடைத்துவிடும். கடையில் "நான்-ஓவன்தான்" என்று சொன்னாலும் மேலே பிவிசி இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பிள் துண்டின் ஓரத்தை மெல்லக் கிழித்தாலே தெரிந்துவிடும். சுத்தமான நான்-ஓவன் கிழிய மறுத்து, பஞ்சுபோல நீள நார்களோடு பிரியும். பிவிசி பூசியதில் நார் அறுந்த பிறகும் மேலே ஒரு தோல் ஜவ்வாக இழுபட்டு நிற்கும்.

துணி ஸ்டிக்கர்: பாலியெஸ்டர் துணியின் பின்னால் எடுத்து ஒட்டக்கூடிய மென்பசை. கோணலாகப் போனால் கழற்றித் திரும்ப ஒட்டலாம். கொப்புளம் கட்டுவது அரிது. ஒளி பட்டால் பளபளக்காது. வாடகை வீட்டுக்கும் குழந்தைகள் அறைக்கும் பொருத்தம். விலை சற்று அதிகம். சாயமும் எண்ணெயும் பட்டால் துடைத்து எடுப்பது கடினம்.

கேன்வாஸும் ஃபிரேம் துணியும்: கேன்வாஸில் அச்சிட்டு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி மாட்டுவது ஒரு முறை. அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில், ஓரத்தில் சிலிக்கான் பட்டை தைத்த துணியைச் செருகுவது இன்னொரு முறை. இரண்டிலும் படம் சுவரைத் தொடுவதில்லை. பின்னால் காற்று ஓட இடம் இருக்கிறது. ஓதச் சுவர், பொடி உதிரும் சுவர், பசை படக் கூடாத சுவர் எல்லாவற்றுக்கும் இதுவே பாதுகாப்பான வழி. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இன்றும் கண்ணாடிபோல மின்னுகிறது. அந்தச் சுவரில் தயவுசெய்து எதையும் ஒட்டாதீர்கள். பசை பிடுங்கிய இடத்தை அதேபோல இழைத்துத் தரும் கைகள் இன்று அரிது. அங்கே படம் வேண்டுமென்றால் சட்டத்தில் கட்டி, தரையிலோ உத்தரத்திலோ தாங்கல் கொடுத்து நிறுத்துங்கள்.

பலகைகள்: சன்போர்டு (நுரைப் பலகை), ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு), அக்ரிலிக். பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடித் தகடுகளாக வரும். நேரடியாக அச்சிடலாம், வினைலில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டியும் மாட்டலாம். மேடுபள்ளமான சுவரையும் டைல்ஸ் சுவரையும் சமன் செய்ய இவை உதவும். இணைப்புக் கோடு தெரியும் என்பதால், கோட்டையும் வடிவமைப்பின் பகுதியாக்கிக்கொள்வது நல்லது. வெளியிடத்துக்கு ஏசிபி தாங்கும். சன்போர்டு வெயிலில் வளைந்துவிடும்.

ஃபிளெக்ஸ்: விலை குறைவு என்பதற்காக இதை வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. பாலியெஸ்டர் வலையின் மேல் பிவிசி பூசிய, மேடைக்கும் தெருவுக்கும் உரிய பொருள் இது. பசையில் சரியாக நிற்காது. மூடிய அறையில் வாடை போகாது. அருகில் நின்று பார்த்தால் வலையின் கட்டம் தெரியும். உள்சுவருக்கு வேண்டாம்.

சுவரிலேயே அச்சிடுதல்: தண்டவாளத்தில் நகரும் இயந்திரம் சுவரின் மேலேயே மையைத் தெளித்து, புற ஊதா ஒளியில் உறைய வைக்கிறது. இணைப்பும் இல்லை, பசையும் இல்லை. வேண்டாம் என்றால் மேலே பெயின்ட் அடித்துவிடலாம். சுவர் சமமாகவும் பெயின்ட் உறுதியாகவும் இருந்தால் நல்ல தேர்வு. சுவரில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் படத்தில் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏசி அறையின் வெளிச்சுவர்: மிகக் கவனம் தேவைப்படும் இடம்

சென்னையிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரின் அறையில் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. மேசைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவரில் பசுமையான காட்டுப் படம், லேமினேஷன் செய்த வினைலில். ஒட்டும்போது சுவர் உலர்ந்துதான் இருந்தது. கூரைக் கசிவும் இல்லை. இருந்தும் ஓராண்டில் படத்தில் இளஞ்சிவப்பாகவும் கறுப்பாகவும் புள்ளிகள் வருகின்றன. அறையில் நமுத்த வாடை அடிக்கிறது. ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தால் பின்னால் பூசணம் படர்ந்திருக்கிறது. ஈரம் எங்கிருந்து வந்தது?

வெளிக்காற்றிலிருந்து வந்தது. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீராக மாறத் தொடங்கும். ஏசியை 24-இல் வைத்திருக்கும் அறையில் சுவரின் உட்பக்கம் அந்த 27 டிகிரியைவிடக் குளிர்ச்சி. செங்கல்லும் சிமென்ட் பூச்சும் ஆவியை விடும். வெளியிலிருந்து ஆவி மெல்ல மெல்ல உள்நோக்கி வருகிறது. பெயின்ட் மட்டும் இருந்தால் அது அறைக்குள் வந்து ஏசியில் உலர்ந்துபோகும். வினைல் ஒட்டிவிட்டால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. படலத்தின் பின்புறமே குளிர்ந்த இடம் என்பதால் அங்கேயே தங்கிவிடுகிறது. வால்பேப்பர் என்றால் பூசணத்துக்குத் தின்ன மாவுப் பசையும் தயாராக இருக்கிறது. வெப்பமும் புழுக்கமும் நிறைந்த பகுதிகளில் ஏசி கட்டடங்களின் வெளிச்சுவருக்கு உட்புறத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டக் கூடாது என்று கட்டட இயலாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

ஆகவே ஒரு விதி. ஏசி அறையின் வெளிச்சுவரில் வினைலும் பிவிசி பூசிய வால்பேப்பரும் வேண்டாம். பூச்சில்லாத நான்-ஓவன் ஒட்டுங்கள். அல்லது காற்று இடைவெளியோடு சட்டத்தில் மாட்டுங்கள். வினைல்தான் வேண்டும் என்றால் இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றுவது பூசணத்தைச் சுரண்டுவதைவிட எளிது.

மையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

மீடியா ஒரு பாதி என்றால் மை மறு பாதி. சால்வென்ட் மை வினைலுக்குள் ஊறிப் பிடிக்கும், வெளியிடத்தில் நன்றாகத் தாங்கும். ஆனால் வாடை உண்டு. அச்சிட்ட ரோலைத் தளர்த்தி வைத்துக் குறைந்தது 24 மணி நேரம் ஆவி போகவிட வேண்டும். அவசரத்தில் உடனே லேமினேஷன் போட்டால் சால்வென்ட் உள்ளேயே சிக்கி, படலத்தையும் பசையையும் இளக்கிவிடும். ஓரம் சுருள இதுவும் ஒரு காரணம். ஈகோ சால்வென்ட்டில் வாடை குறைவு. காத்திருக்கும் நேரம் அதற்கும் உண்டு.

லேட்டெக்ஸ் மை நீரை அடிப்படையாகக் கொண்டது. 2008-இல் ஹெச்பி நிறுவனம் பெரிய அளவு அச்சுக்காகக் கொண்டுவந்தது. சூட்டில் உலர்ந்தே வெளியே வருவதால் அன்றே ஒட்டலாம். வாடையும் மிகக் குறைவு. படுக்கையறை, குழந்தைகள் அறை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு நான்-ஓவனில் லேட்டெக்ஸ் என்பதே என் முதல் பரிந்துரை. யூவி மை ஒளி பட்டதும் உறைந்துவிடும். பலகை, கண்ணாடி, டைல்ஸ் எதிலும் அச்சிடலாம். மேற்பரப்பில் ஒரு படலமாக நிற்பதால் கூர்மையாக மடித்தால் வெடிக்கலாம்; சுவர் மூலை மடிப்பில் வரும் படத்துக்கு இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த மையானாலும் நேர் வெயில் எதிரி. வெயில் பட்ட பழைய போஸ்டர் நீலம் பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்துப்போவதன் விளைவு அது. மாலை வெயில் விழும் சுவராக இருந்தால் மேலே லேமினேஷன் போடுங்கள், படத்தில் முகங்களும் அடர்சிவப்பும் அதிகம் வேண்டாம்.

மேட்டா, கிளாஸியா?

கண்ணைக் கவர்வது கிளாஸி. ஆனால் அது சுவரின் ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும்; ஜன்னலும் டியூப்லைட்டும் படத்தின் நடுவில் வந்து உட்காரும். சுவர்ப் படத்துக்கு மேட் லேமினேஷனே பெரும்பாலும் சரி. கைபடும் நடைவழியிலும் பள்ளி வகுப்பறையிலும் லேமினேஷன் கட்டாயம். கிளாஸி பொருந்தும் இடம் கண்ணாடியும் அக்ரிலிக்கும்.

மேற்பரப்புக்கும் படத்தின் தரத்துக்கும் தொடர்பு உண்டு. செல்போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் அகலத்தில் 4,000 புள்ளிகள் கொண்டது. அதைப் பத்தடிச் சுவருக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 33 புள்ளிகள்தான் வரும். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரின் கண் அங்குலத்துக்கு ஏறத்தாழ 90 புள்ளிகள்வரை பிரித்தறியும். இரண்டு மீட்டரில் 45. ஆகவே சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அந்தப் படம் மங்கலாகத் தெரியும். அருகில் நின்று பார்க்கும் சுவருக்கு 100 புள்ளிகளை இலக்காக வையுங்கள். தாத்தா பாட்டியின் பழைய புகைப்படம்போல மாற்ற முடியாத படம் என்றால் வழவழப்பான வினைலைத் தவிர்த்து, கேன்வாஸ் இழையோ மணல் புடைப்போ உள்ள மீடியாவை எடுங்கள். இழையின் கரடுமுரடு மங்கலைப் பெருமளவு விழுங்கிவிடும்.

அளவும் இணைப்பும்

சுவர் 10 அடிக்கு 9 அடி என்றால் 90 சதுர அடி. ஆனால் எந்தச் சுவரும் மிகச் சரியான செவ்வகமாக இருப்பதில்லை. இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் உயரத்தையும், மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அகலத்தையும் அளந்து, பெரிய அளவை எடுங்கள். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டினால் 10 அடி 4 அங்குலத்துக்கு 9 அடி 4 அங்குலம். 96 சதுர அடிக்குச் சற்று மேல். விலை பேசும்போது இந்தக் கணக்கைப் பேசுங்கள்.

ஐம்பது அங்குல ரோலில் இந்தப் படம் மூன்று பட்டைகளாக வரும். இரண்டு முழுப் பட்டையும் ஓரத்தில் ஒரு குறும்பட்டையுமாகப் பிரிக்காமல், அரை அங்குல மேலடுக்கு வைத்து ஏறக்குறைய 42 அங்குலம் வீதம் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கோடு யாருடைய முகத்திலும் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பட்டையும் ஒரே ரோலில், ஒரே நேரத்தில், ஒரே திசையில் அச்சாக வேண்டும். நாளைக்கு ஒரு பட்டை, மறுநாள் ஒரு பட்டை என்றால் வானத்தின் நீலம் மாறிவிடும். பட்டை ஒன்று கிழிந்தால் அதை மட்டும் திரும்ப அடிக்க வேண்டிவரும் என்பதால் கோப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

எந்த இடத்துக்கு எது?

வரவேற்பறை உள்சுவர்: பாலிமெரிக் வினைல் மேட் லேமினேஷனோடு, அல்லது டெக்ஸ்சர் வால்பேப்பர்.

ஏசி படுக்கையறை: நான்-ஓவன், லேட்டெக்ஸ் மை.

குழந்தைகள் அறை: துணி ஸ்டிக்கர். வளர்ந்ததும் படம் மாறும். எளிதாகக் கழற்ற வேண்டும்.

சமையலறை: பின்புறம் அச்சிட்ட டஃபன்ட் கண்ணாடி. அடுப்புக்கு அருகில் வினைலும் அக்ரிலிக்கும் கூடாது; இரண்டும் சூட்டில் இளகும்.

பூஜையறை: விளக்குச் சுடருக்கு மேலே பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். புகை படியும் என்பதால் துடைக்கக்கூடிய கண்ணாடி அல்லது டைல்ஸ் அச்சு.

கீழ்த்தள ஓதச் சுவர்: ஒட்டாதீர்கள். சட்டத்தில் மாட்டுங்கள்.

வாடகை வீடு: சட்டம் அல்லது துணி ஸ்டிக்கர். 'எடுத்துவிடலாம்' என்று விற்கும் பசையும் பலவீனமான பெயின்ட்டைப் பெயர்த்துவிடும். முதலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை.

திரையரங்கு, மருத்துவமனை, பள்ளி: தீத்தரச் சான்றிதழ் உள்ள மீடியா மட்டும். பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூச்சுக்குழாயை அரிக்கும். மக்கள் கூடும் இடத்துக்கு விலையை மட்டும் பார்த்து மீடியா வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வினைல் என்றால் மோனோமெரிக்கா, பாலிமெரிக்கா? வால்பேப்பர் என்றால் மேலே பிவிசி பூச்சு உண்டா? என்ன மை? அச்சிட்டு எத்தனை மணி நேரம் கழித்து லேமினேஷன் போடுவீர்கள்? படத்தின் ஒரு சதுர அடியை உண்மையான அளவில், அதே மீடியாவில் அடித்துக் காட்டுவீர்களா? ஒட்டும் ஆள் உங்களுடையவரா? ஓரம் கிளம்பினால் வந்து சரிசெய்வது யார் பொறுப்பு? ஸ்விட்ச் போர்டு இருக்கும் இடத்தில் மெயினை அணைத்து, தகட்டைக் கழற்றித்தான் ஒட்டுவார்களா?

பதில்களைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குறைந்தது மீடியாவின் பெயர், தரம், மை ஆகிய மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். தொழில் தெரிந்த கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். தன் அருமை தெரிந்த வாடிக்கையாளர் கிடைத்தார் என்று மகிழ்வார். பதில் சொல்லத் தயங்கும் கடையில் சதுர அடிக்குச் சில ரூபாய் குறைந்தாலும் வேலை கொடுக்காதீர்கள். இரண்டு நாள் பாலிதீன் தாளுக்கும் ஒரு வாரம் ஆறு அங்குலத் துண்டுக்கும் பொறுத்திருங்கள். அவை தரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறுங்கள்.